ஆற்றைப் பார்த்த சுவர்

பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதே, எல்லோரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு திரிந்த வருஷம், அந்தக் கார்த்திகையில்தான் கூட்ஸ் ஷெட்டின் கடைசிச் சுவரும் விழுந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஆற்றை மணலாகவே பார்த்த ஜனம் பாலத்தின் மேல் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. யாருடையதோ ஒரு வைக்கோல் போர் கலையாமல் அப்படியே மிதந்து போனது. அதன் மேல் ஒரு சேவல் நின்றிருந்தது. எல்லோரும் சேவலைப் படம் பிடித்தார்கள். நான் மட்டும் ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அண்ணன் அனுப்பியிருந்தார். "போய் ஷெட்டு நிக்குதான்னு பாத்துட்டு வா" என்று.

நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தண்ணீர் போட்ட சத்தத்தில் சுவர் விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

வீட்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா?"

"போய்டுச்சுண்ணா."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னு கேட்டா இன்னா சொல்றது? மிச்சம் இருந்ததே ஒரு பக்கம்தானே."

அவர் தலையை ஆட்டினார். "செரி. உங்களுக்குப் போய்டுச்சு. எனக்கு இருக்குது" என்றார்.

அண்ணனுக்குக் கண் தெரியாது. சர்க்கரை முதலில் ஒரு கண்ணை எடுத்தது, பிறகு மற்றதையும் எடுத்தது.

எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் கம்பெனியில் கேட்டார்கள் என்று கற்றுக்கொண்டது. இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பேஜாராக இருக்குமாம், அதனால் சரிபண்ணி எழுதுகிறேன் என்கிறாள். செரி, ஆட்கள் பேசினதையாவது அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கு அந்தாண்டை. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அந்த ஷெட் இருந்தது. நீளக் கட்டிடம். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் ஆறு. மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிற மரப்பட்டை, தோல் பதப்படுத்துவதற்கு வேண்டியது, ஆப்பிரிக்காவிலிருந்து வருமாம், வேகன் வேகனாக இங்கே வரும். உப்புப் போட்ட பச்சைத் தோல் வரும். சுண்ணாம்பு வரும். இங்கிருந்து பதப்படுத்தின தோல் பேல் பேலாகக் கட்டிப் போகும். குடியாத்தம் லுங்கிகூட சில நாள் இங்கே வந்துதான் ஏறும். மேல்விஷாரத்து சாயபுமார்கள் தலையில் குல்லாவோடு வந்து பட்டையை முகர்ந்து பார்ப்பார்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. லாரி வந்த பிறகு வேகன் கம்மியானது, பிறகு நின்றது. ஷெட்டைப் பூட்டினார்கள். பூட்டை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு கதவை, பிறகு கூரைத் தகரத்தை. மணல் அள்ளி அள்ளிக் கரை இளகி, ஆற்றுப் பக்கத்துச் சுவர்தான் முதலில் சரிந்தது. அது போய் ரொம்ப வருஷம் ஆகிறது. தண்டவாளத்துப் பக்கத்துச் சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் அன்றைக்குத் தண்ணீர் கொண்டுபோனது.

அண்ணன் அந்த ஷெட்டில் லோடுமேன். மீசை முளைத்ததிலிருந்து பூட்டுப் போட்ட நாள் வரைக்கும். பச்சைத் தோல் தூக்கினவன் உடம்பு ஒரு குளியலில் வாசனை விடாது. அவருக்குப் பெண் பார்க்க ஆலங்காயம் போனபோது, முதல்நாளே போய் அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சீயக்காய் போட்டு மறுபடி மறுபடி குளித்துவிட்டுத்தான் பெண் வீட்டு வாசலை மிதித்தார். அண்ணி இன்றைக்கும் சொல்வாள்: "அன்னிக்குப் பாத்து எனக்கு மூக்கு அடைச்சிக்கினு இருந்துச்சு. இல்லன்னா தப்பிச்சிருப்பேன்." அண்ணன் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். கண் போன பிறகு அவர் பேச்சும் கம்மிதான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் கட்டிலில் படுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடப்பார். மனசுக்குள்தான். முதல் கதவு, தராசு, உப்புத்தோல் போடுகிற மூலை, ரெண்டாவது கதவு, என்று போய்க்கொண்டே இருப்பார். அப்படியே தூக்கம் வந்துவிடும். கண் தெரியாதவருக்குப் புதிதாகப் பார்க்க எதுவுமில்லை, ஏற்கெனவே பார்த்த இடத்துக்குத்தான் போகவேண்டும். சுவர் விழுந்த செய்தியைச் சொன்னதற்கு அவர் அப்படிப் பதில் சொன்னதும் அதனால்தான்.

பொங்கல் கழித்து ஒரு நாள் சொன்னார். "மூணாவது கதவு வரைக்கும் போறேன்டா. அதுக்கு அந்தாண்டை பொகையா இருக்குது."

"தூக்கம் வந்திருக்கும்ணா."

"தூக்கம் வந்தா நான் ஏன் உங்கிட்ட சொல்லிக்கினு இருக்கேன்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "செஞ்சு தரட்டா? சின்னதா. கையால தடவிப் பாக்கலாம்."

அண்ணி உள்ளேயிருந்து, "ஷூ அறுத்தவரு ஷெட்டு கட்டப்போறாரு" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. "செய்றியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தவன். தோலைப் பலகைமேல் விரித்து, பேட்டர்ன் அட்டையை அதன்மேல் வைத்து, கத்தியால் சுற்றி அறுக்கிற வேலை. ரிட்டயர் ஆன பிறகும் கத்தி வீட்டில் இருந்தது. தெரிந்த கம்பெனியில் கேட்டு இன்சோல் போர்டு வாங்கி வந்தேன். ஷூவுக்குள் காலுக்கு அடியில் வருகிற கெட்டி அட்டை அது. சுவருக்கு நன்றாக இருந்தது. கூரைக்கு ஷூ பெட்டி வருகிற பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, மேல் காகிதத்தை நனைத்து உரித்தேன். உள்ளே வரிவரியாக இருந்தது, தகரம் மாதிரியே. தண்டவாளத்துக்குப் பழைய குடைக் கம்பி.

அளவுதான் கிடைக்கவில்லை. கட்டிடம் இல்லை, கேட்க ஆபீஸ் இல்லை. ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். இப்போது இருக்கிற பையனுக்கு அங்கே ஷெட் இருந்ததே தெரியவில்லை. "எந்த ஷெட்டு தாத்தா? பைக் ஷெட்டா?" என்றான். அண்ணனைக் கேட்டேன். அவர் அடிக்கணக்கு சொல்லமாட்டார். கதவு எவ்வளவு உயரம் என்றால், "தலையில மூட்டையோட போனா மேல ஒரு சாண் இருக்கும்" என்பார். அகலம் எவ்வளவு என்றால், "போறவனும் வர்றவனும் ஒரசாம போலாம், ஆனா சண்டைக்காரனா இருந்தா ஒரசும்" என்பார். பிளாட்பாரம் மாட்டுவண்டித் தட்டு உயரம். எல்லாம் ஆளும் சுமையும்தான்.

அதனால் நான் முதலில் ஆளைச் செய்தேன். சுண்டுவிரல் உயரத்துக்குத் தோலில் ஒரு லோடுமேன், தலையில் மூட்டையோடு. அந்த ஆளை நிற்கவைத்து, அவன் நுழைகிற மாதிரி கதவு வெட்டினேன். அவன் தோளை வைத்து, சுமை இறக்குகிற திண்டு வெட்டினேன். மாடல் செய்கிறவர்களுக்கு ஸ்கேல் என்று ஒன்று உண்டு என்று மருமகள் சொல்கிறாள். எனக்கு அந்த ஆள்தான் ஸ்கேல். மீதி விவரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து வயசான ஆட்களைக் கேட்டேன். தண்டவாளத்துப் பக்கம் நாலு கதவு என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவர் மட்டும் அஞ்சு என்றார். அவர் எதற்கும் ஒன்று ஜாஸ்தியாகச் சொல்கிறவர்.

தண்டவாளத்துச் சுவரை வெட்டி முடித்தேன். பேட்டர்னை அப்படியே திருப்பிப் போட்டு, ஆற்றுப் பக்கத்துச் சுவரையும் வெட்டினேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. ஷூ கட்டிங்கில் எதையும் ஒற்றையாக வெட்ட முடியாது. இடது காலுக்கு ஒன்று வெட்டினால், அட்டையைத் திருப்பி வலது காலுக்கு ஒன்று. ஆயுசெல்லாம் அப்படி வெட்டின கை. ஒன்று முடிந்ததும் அதுவாகத் திருப்பிப் போட்டுவிட்டது. ஆற்றுப் பக்கம் என்ன இருந்தது என்று நான் ஒருத்தரையும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

சொல்யூஷன் போட்டு ஒட்டி, காயவைத்து, எடுத்துக்கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தேன். முதலில் கூரையைத் தடவினார். "தகரம்" என்றார். பிளாட்பாரத்தைத் தடவினார். கதவைத் தொட்டுத் தொட்டுப் போனார். மூன்றாவது கதவைத் தாண்டினார், நாலாவதுக்குப் போனார். முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "இங்கதான்டா சுண்ணாம்பு" என்றார். பிறகு கையைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனார். விரல் நின்றுவிட்டது. திரும்ப வந்தது, திரும்பப் போனது.

"இது இன்னா பக்கம்?"

"ஆத்துப் பக்கம்ணா."

"நாலு கதவா?"

"ஆமா."

"யாரு சொன்னது?"

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஜோடி போட்டுட்டாரு" என்றாள். "எடது கால் ஒண்ணு, வலது கால் ஒண்ணு. ஷெட்டு நடந்து போய்டப்போவுது."

அண்ணன் இதற்குச் சிரித்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை. "ஆத்துப் பக்கம் ஒண்ணுதான்டா. சின்ன கதவு. குனிஞ்சு போவணும். நாங்க மட்டும் போற கதவு."

ஷெட்டு முன்னால் ஒரு குழாய் இருந்தது. ஸ்டேஷன் ஆட்கள், கிளார்க், வியாபாரிகள் குடிப்பார்கள். தோல் தூக்குகிறவர்கள் அதில் கைவைக்கக் கூடாது. யாரும் எழுதிப் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர்கள் பின்பக்கமாக ஆற்றில் இறங்கி, மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, தெளிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து குடிப்பார்கள். அங்கேயே கை கால் கழுவிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர்தான் ருசி என்று அண்ணன் சொல்வார். குழாய்த் தண்ணீர் அவர் குடித்ததில்லை, அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

செரி, தப்பு வெட்டிவிட்டேன், மாற்றி வெட்டினால் ஆயிற்று என்று நினைத்தேன். அந்தச் சின்னக் கதவு எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்தால் போதும். டீக்கடைக்குப் போய்க் கேட்டேன். "ஆத்துப் பக்கம் கதவா? ஏது?" என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சுவர்தான், மொட்டைச் சுவர். மேலே காற்றுக்கு ஓட்டை இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். அஞ்சு கதவு என்று சொன்னவர்கூட அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்றார்.

அப்போதுதான் ஒருவர் சொன்னார், அந்தக் காலத்துக் கூட்ஸ் கிளார்க் காட்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார், வயசாகியும் நினைவு தெளிவாக இருக்கிறது, வீட்டில் போட்டோகூட இருக்கிறது என்று. பஸ் ஏறிப் போனேன். பள்ளிகொண்டா தாண்டினதும் பஸ் பஞ்சர். இறங்கி நின்றோம். கண்டக்டர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அந்த மாதிரி கண்டக்டரை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. மருமகள் இது வேண்டாமே என்கிறாள். இருக்கட்டும்.

கிளார்க் சார் நன்றாகப் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். போட்டோ காட்டினார். அவர் மாற்றலாகிப் போகும்போது எடுத்தது. மாலையும் கழுத்துமாக அவர் நடுவில், ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் ஷெட். தலைகளுக்கு நடுவில் இரண்டரைக் கதவு தெரிந்தது. கதவுக்கு மேலே வளைவு இருந்தது, அண்ணன் அதைச் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேன். வரிசையில் லோடுமேன் ஒருவர்கூட இல்லை.

"சார், ஆத்துப் பக்கத்துல ஒரு சின்னக் கதவு இருந்துச்சா?"

"இல்லையேப்பா."

"குனிஞ்சு போற மாதிரி?"

"யோசிச்சுப் பாரு. சரக்கு வெக்கிற எடத்துல பின்னாடி கதவு வெப்பானா எவனாவது? திருட்டுக்கு நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி. சாவி எங்கிட்டதான் இருந்தது. நாலு கதவு, நாலு சாவி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "யாரு சொன்னா அப்படி?" என்று கேட்டார். "எங்கண்ணன் சார். அங்க லோடுமேன்" என்றேன். "வயசாயிடுச்சுன்னா அப்படித்தான்ப்பா, இல்லாததெல்லாம் இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்.

அதை நான் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டுவரத்தான் போனேன், கேட்டதைத்தான் சொல்ல முடியும்.

"நாலு கதவு, நாலு சாவின்னாரா?"

"ஆமாண்ணா."

"அந்த மனுசன் பொய் சொல்றவர் இல்ல" என்றார். பிறகு கேட்டார், "அப்போ நான் எந்த வழியா போனேன்?"

"முன்பக்கமா சுத்திக்கினு போயிருப்பீங்க" என்றாள் அண்ணி.

"முன்பக்கம் கொழாய் இருக்குது. அதுக்கு எதுர்ல போவ எங்களுக்கு ஆவாது. நான் குனிஞ்சேன். தலை இடிச்சிக்கினேன் ஒருவாட்டி. இங்க தழும்பு இருக்குது பாரு."

தழும்பு இருந்தது. ஆனால் லோடுமேனுக்கு உடம்பெல்லாம் தழும்புதான்.

அன்றிலிருந்து அவர் மத்தியானம் ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். படுப்பார், தூங்கமாட்டார். மாடலை அலமாரிமேல் வைக்கச் சொல்லிவிட்டார். ஒரு கதவு இல்லாததாக இருந்தால் மற்றது எல்லாம் எப்படி இருக்கிறதாக இருக்கும் என்று அவருக்கு ஆகிவிட்டது. கண் தெரிகிறவனுக்கு ஒன்று சந்தேகமாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவர் எங்கே போய்ப் பார்ப்பார்?

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஒரு கதவுதானே? அறுத்து வெச்சிட்டுப் போங்களேன். யாரோ இருந்துச்சுன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. அவரு நாலு நாளா மோட்டுவளையப் பாத்துக்கினு கெடக்குறாரு. பாத்துக்கினுன்னா, தெரியுமே உங்களுக்கு."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனாலும் இன்னும் ஒரு ஆளைக் கேட்டுவிடலாம் என்று இருந்தது. அண்ணன்கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆற்றுப் பக்கமாக நின்று ஷெட்டைப் பார்த்தவர்கள் யார்? துணி துவைத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள். அப்புறம் ஒருவர் நினைவுக்கு வந்தார். லோடுமேன்களுக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து விற்ற அம்மா. அக்கரையிலிருந்து மணல்மேல் நடந்து வருவார். பள்ளிகொண்டாவில் மகள் வீட்டில் இருப்பதாக அண்ணிதான் விசாரித்துச் சொன்னாள்.

போனேன். அந்தம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நல்ல கண், நல்ல காது. நான் யார் என்று சொன்னதும், "ஓ, அவன் தம்பியா? ரெண்டு வெங்காயம் ஜாஸ்தி கேப்பானே, அவன் தம்பியா?" என்றார்.

"ஆமாக்கா. ஒண்ணு கேக்கணும். நீங்க கூழ் கொண்டுவந்தா எங்க நிப்பீங்க?"

"எங்க நிப்பேன், ஆத்தோரம்தான். புங்கமரம் ஒண்ணு இருந்துச்சு. செவுத்த ஒட்டி நெழல்ல நிப்பேன்."

"அவங்க எப்படி வந்து வாங்குவாங்க?"

"கை நீட்டுவாங்க, வாங்குவாங்க."

"எது வழியா?"

"எது வழியான்னா?"

"கதவு இருந்துச்சா அங்க?"

கீரையை உருவுவதை நிறுத்தினார். யோசித்தார். "செவுத்துலேர்ந்து கை வந்துச்சு நைனா. கைல சொம்பு இருக்கும். ஊத்துவேன். கை உள்ள போய்டும்."

"கதவுலேர்ந்தா, ஜன்னல்லேர்ந்தா?"

"அத நான் ஏன் பாக்கணும்? சொம்பு ரொம்புச்சா, திருப்பிக் குடுத்தானா, அதத்தான் பாப்பேன். அங்க ஒரு தடியன் இருந்தான், சொம்ப உள்ள எடுத்துக்கினு போய் காலி பண்ணிட்டு, நீ ஊத்தவே இல்லன்னுவான்."

"ஆள் வெளிய வருவாங்களா?"

"ஆத்துல இருப்பானுங்க. ஊத்துகிட்ட உக்காந்துக்கினு பீடி புடிப்பானுங்க. எப்படி வந்தானுங்கன்னு எனக்குத் தெரியாது. நான் வரும்போது இருப்பானுங்க."

அவ்வளவுதான். எத்தனை விதமாகக் கேட்டாலும் கைதான் வந்தது. கிளம்பும்போது, "அவன் கண்ணு போய்டுச்சாமே. நெசமா?" என்றார். ஆமாம் என்றேன். உருவின கீரையில் பாதியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்து கத்தியைத் தீட்டினேன். ஆற்றுப் பக்கத்துச் சுவரைக் கழற்றி, புதுச் சுவர் வெட்டி, தோலில் செய்த ஆள் மூட்டையில்லாமல் குனிந்து போகிற அளவுக்கு ஒரு கதவு வைத்தேன். தண்டவாளப் பக்கத்துக் கதவுகளுக்கு மேலே போட்டோவில் பார்த்த வளைவையும் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் விரல் வளைவைத் தொட்டது. "அட, இத மறந்துட்டேன்டா" என்றார். பிறகு அந்தப் பக்கம் போனது. கதவைக் கண்டுபிடித்தது. விரலை உள்ளே விட்டார், எடுத்தார்.

"யாரு சொன்னாங்க?"

"கூழ்க்காரம்மா."

"இன்னா சொன்னாங்க? உன் வார்த்தை வேணாம். அவங்க சொன்னத அப்படியே சொல்லு."

அண்ணி எனக்குக் கண்ணால் சாடை காட்டினாள். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன், கை, சொம்பு, தடியன், பீடி எல்லாம். தடியன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, பேர் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு, "கை ஜன்னல்லேர்ந்து கூட வரும்" என்றார்.

"வரும்."

"அப்போ கதவுன்னு அந்தம்மா சொல்லல."

"சொல்லல. மொட்டைச் செவுருன்னும் சொல்லல. கை வந்திருக்குது இல்லண்ணா? கிளார்க் சார் சொன்ன மாதிரி வெறுஞ் செவுரு இல்ல."

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகினது. "பட்டைக் கட்டுங்கள மேல வரைக்கும் அடுக்குவோம். நடுவுல சந்து வுட்டு அடுக்குவோம், நாங்க போறதுக்கு. ஆபீஸ்ல உக்காந்தா அது தெரியாது. அவரு பாத்திருக்கமாட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, நானே இப்ப கட்டிக்கினேனோ இன்னாவோ" என்றார்.

"இருக்கட்டும்ணா. வெச்சது இருக்கட்டும்."

"வேணாம். எனக்காக வெக்காத. இருந்தா வெய்யி. இத மூடு."

"தம்பி கஷ்டப்பட்டு அறுத்துக்கினு வந்திருக்குது" என்றாள் அண்ணி.

"அதான் சொல்றேன். கஷ்டப்பட்டு அறுத்துட்டான்னு அது இருந்ததா ஆய்டுமா? கிளார்க் இல்லன்னு சொன்னா இல்லாம போய்டுமா? தெரியற வரைக்கும் மூடி வை."

அங்கேயே உட்கார்ந்து மூடினேன். ஒரு துண்டுத் தோல் எடுத்து, கதவு அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். ஒட்டுப்போடும்போது விளிம்பைக் கத்தியால் சீவி மெலிசாக்குவது எங்கள் வழக்கம், அப்போதுதான் ஒட்டினது கைக்குத் தெரியாது. சீவ ஆரம்பித்தேன். கத்திச் சத்தம் கேட்டு, "இன்னாடா பண்றே?" என்றார். சொன்னேன்.

"சீவாத. தடவினா தெரியட்டும்."

கெட்டி விளிம்போடு ஒட்டிவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. கம்பெனியில் இந்த மாதிரி ஒட்டியிருந்தால் சூப்பர்வைசர் முகத்திலேயே வீசியிருப்பான். அண்ணன் மறுபடி மத்தியானம் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். மாடல் அவர் தலைமாட்டில் இருக்கிறது. முதல் கதவிலிருந்து தடவிக்கொண்டு போய், நாலாவது முடிந்ததும் கை ஆற்றுப் பக்கம் போகும், அந்த ஒட்டின்மேல் நிற்கும். சில நாள் அங்கேயே தூங்கிவிடுகிறார். தோலில் செய்த ஆளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கதவு உண்டு என்று தெரிந்தால் அவனை அங்கே நிறுத்தலாம் என்றார், அதுவரைக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லையாம். அண்ணி சட்டை துவைக்கும்போது ஒருதரம் அவனையும் சேர்த்துத் துவைத்துவிட்டாள். கொஞ்சம் சுருங்கிவிட்டான். இனிமேல் அவனை வைத்து எதையும் அளக்க முடியாது.

இதைப் படிக்கிறவர்களும் படிக்கக் கேட்கிறவர்களும் ஒரு உதவி செய்யவேண்டும். அந்தக் காலத்தில் பாலாற்று மணலில் நின்று எங்கள் ஸ்டேஷன் பக்கம் பார்த்தவர்கள் எங்காவது இருப்பார்கள். துணி காயப்போட்டவர்கள், மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள், தர்ப்பூசணி போட்டவர்கள், ஊற்றில் குடம் மொண்டவர்கள். உங்கள் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால், அவர்களுக்குத் தெரிந்தவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். கூட்ஸ் ஷெட்டின் ஆற்றுப் பக்கத்துச் சுவரில் குனிந்து போகிற மாதிரி ஒரு கதவு இருந்ததா, அல்லது ஜன்னல்தானா? எதுவாக இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள். இல்லை என்றாலும் சொல்லுங்கள். அண்ணனைச் சந்தோஷப்படுத்துவதற்காக மட்டும் யாரும் ஆமாம் என்று சொல்லவேண்டாம். யார் சொன்னார்கள், எங்கே நின்று பார்த்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அவர் கேட்பார்.